அவர்கள் சமூகம்

திங்கட்கிழமைதான் எனக்குத் தொழில். மற்ற நாட்களில் வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்று, பேங்க் பாரம் என்று ஏதாவது ஓடும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் என்பதால் காலை எட்டு மணிக்கே சேலம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே ஸ்டூலைப் போட்டுவிடுவேன். மடியில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட வெள்ளைத் தாள், சட்டைப் பையில் நான்கு நீலப் பேனா. மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். இல்லாதவர்களுக்கு முப்பது. அதுவும் இல்லையென்றால், "அடுத்த தடவ வரும்போது குடுங்க" என்பேன். அடுத்த தடவை கண்டிப்பாக வருவார்கள். இந்தத் தொழிலின் வருமானமும் வருத்தமும் அதில்தான்.

கேட்டில் போலீஸ் நிற்பார்கள். ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மோந்து பார்ப்பார்கள், மண்ணெண்ணெயா என்று. மனு கொடுக்க வருகிறவர் தன்னைக் கொளுத்திக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே நினைத்து அதற்கென்று ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மனுவுக்கு ஓர் உடம்பு உண்டு. இடது பக்கம் அனுப்புநர். அதற்குக் கீழே பெறுநர்: "உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகம்." அடுத்து, "நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் குடியிருந்து கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்." நடுவில் சங்கதி. கடைசியில், "ஆகவே ஐயா அவர்கள் எனது ஏழ்மை நிலையைக் கருத்தில் கொண்டு, கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." தலையும் காலும் எப்போதும் ஒன்றுதான். நடு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

இந்த நடையை அப்பாவிடம் கற்றேன். அவருக்கும் இதே தொழில். அவருக்கு முந்தைய தலைமுறை "மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரை அவர்கள் திவ்விய சமூகத்துக்கு" என்று எழுதியதாம். 1947க்குப் பிறகு மகாராஜா போனார், துரை போனார், திவ்வியமும் போயிற்று. சமூகம் மட்டும் நின்றுவிட்டது. இங்கே சமூகம் என்றால் சொசைட்டி இல்லை, சன்னிதி. சாமிக்கு முன்னால் நிற்பது போல நிற்கிறேன் என்று பொருள்.

நாற்பத்தொரு வயதில் அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் எம்.ஏ. எழுதினேன். மகளுக்கு அந்த வருஷம் பிளஸ் டூ. ஒரே மேசையில் இரண்டு பேரும் படித்தோம். ஒரு தாளில் கேள்வி: "பின்காலனிய நாடுகளின் மக்களாட்சியிலும் வளர்ச்சியிலும் அரசியல் மேட்டுக்குடியினரின் பங்கினை ஆராய்க." நோட்ஸில் இருந்ததை அப்படியே இறக்கினேன். வெள்ளைக்காரன் எழுந்து போனான், அவன் உட்கார்ந்த நாற்காலியில் இங்கிலீஷ் படித்தவர்களும் நிலம் வைத்திருந்தவர்களும் உட்கார்ந்தார்கள், சனம் நின்றபடியே நின்றது. 57 மார்க் போட்டார்கள். அது தப்பான விடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கும்போது கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் அந்த நாற்காலி. 1792ல் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், இன்றைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி என்கிற பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ கேப்டனை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர்தான் பிற்பாடு சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, நடுவில் ஆள் வைக்காமல் ஒவ்வொரு விவசாயியிடமும் நேராக வரி வாங்குகிற ரயத்வாரி முறை பழகியது இந்தப் பக்கத்து மண்ணில்தான். கலெக்டர் என்றால் வசூல்காரர், அவ்வளவுதான். சுதந்திரம் வந்ததும் ஆங்கிலத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு, தமிழில் "ஆட்சித் தலைவர்" ஆக்கிவிட்டோம். தமிழ்ப்படுத்தியதில் ஆளுக்கு ஒரு கிரீடம் கூடுதலாகக் கிடைத்தது. எந்த மொழிபெயர்ப்பாளருக்கு வந்த யோசனையோ!

நாற்காலிக்கு இந்தப் பக்கம் பெரிய வீடுகள். மேட்டுக்குடி என்று புத்தகத்தில் இருக்கிறதே, அதற்கு எங்கள் ஊரில் "பெரிய கை" என்று பெயர். பழைய சேலம் ஜில்லாவின் பெரிய கைகளில் ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன். அந்த வீட்டு சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. பிறகு 1937ல் ராஜாஜி மந்திரிசபையில் மந்திரி. சேலத்தில் வக்கீலாக இருந்து, இதே ஊர் முனிசிபல் சேர்மனாகி மேலே போனவர் ராஜாஜி. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ல் வந்தது. ஜமீன் போயிற்று, பதவி போகவில்லை. 1957ல் சுப்பராயன் திருச்செங்கோட்டிலிருந்து எம்.பி., பிறகு நேருவிடம் போக்குவரத்து மந்திரி.

பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு மகன் ராணுவத்துக்குப் போனார். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம், இங்கிலாந்தின் பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார், ஜெயிலுக்கும் போனார். மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட், கோவையில் எம்.பி. மோகனுடைய மகன் ரங்கராஜன் காங்கிரசில் சேலத்துக்கு மூன்று முறை எம்.பி., பிறகு பா.ஜ.க.வில் சேர்ந்து வாஜ்பாயிடம் மின்துறை மந்திரி. ஜமீன், காங்கிரஸ், கம்யூனிஸ்ட், பட்டாளம், பா.ஜ.க. எல்லாம் ஒரே வீட்டுத் திண்ணை. புத்தகக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நோட்ஸில் ஏன் எழுதவில்லை என்றுதான் தெரியவில்லை.

இப்போது மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற கானாவுக்குப் போவோம். பரீட்சைக்குப் படித்ததில் என் மனசில் ஒட்டிக்கொண்ட நாடு அதுதான். 1957ல் சுதந்திரம். அதன் முதல் தலைவர் நிக்ருமா ஜமீன் வீட்டுப் பிள்ளை இல்லை, கிராமத்துப் பிள்ளை. வோல்டா ஆற்றில் அக்கோசம்போவில் பெரிய அணை கட்டினார். சுமார் 80,000 பேர் ஊரை விட்டு எழுந்தார்கள். அந்தக் கரண்டு பெரும்பாலும் அலுமினியம் உருக்குகிற ஓர் அமெரிக்க ஆலைக்கு, அடிமாட்டு விலையில். கானாவிலேயே அலுமினியம் எடுக்கிற பாக்சைட் மண் இருக்கும்போது, அதிலிருந்து பிரித்த அலுமினாப் பொடியை வெளியிலிருந்து கொண்டுவந்து உருக்கினார்கள். 1964ல் நாட்டில் ஒரே கட்சிதான் என்று சட்டம் ஆயிற்று. 1966 ஜனவரியில் அணைத் திறப்பு விழா. பிப்ரவரி 24ல் நிக்ருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கும்போது ராணுவமும் போலீசும் சேர்ந்து ஆட்சியை எடுத்துக்கொண்டன.

படிக்கும்போது எனக்கு மேட்டூர்தான் கண்ணுக்குள் வந்தது. 1934ல் வெள்ளைக்காரன் கட்டி முடித்த அணை. அதிலும் ஊர்கள் முழுகின. தண்ணீர் வற்றும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அப்போது ஓட்டு இருந்திருக்கும்? சொத்தும் வரியும் பார்த்துத்தானே ஓட்டுக் கொடுத்தார்கள். 1960களின் நடுவில் மேட்டூரிலும் அலுமினிய ஆலை வந்தது. பாக்சைட் மண் போனது எங்கள் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும். அணை, கரண்டு, அலுமினியம். கானாவின் கதையும் எங்கள் ஜில்லாவின் கதையும் இதுவரை அண்ணன் தம்பி.

பிரிகிற இடம் 1966தான். கானாவின் தலைநகர் அக்ராவில் ராணுவம் ரேடியோ நிலையத்தைப் பிடித்த அதே வருஷம் ஜூன் மாதம், குமாரமங்கலத்து ஜமீன்தார் மகன் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். தம்பி கம்யூனிஸ்ட் வழி வந்தவர், அந்த வருஷம் சென்னையில் அட்வகேட் ஜெனரல். தங்கை செங்கொடிக்காரர். தளபதி 1969ல் ஓய்வு பெற்றார். இடையில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததைத்தான் நான் மார்க்குக்கு எழுதாமல் விட்டேன்.

ஏன் நடக்கவில்லை? அவர்கள் உத்தமர்கள் என்பதாலா? அப்படிச் சொன்னால் அப்பா சிரிப்பார். அதே பட்டாளத்தின் இன்னொரு பங்கு பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போனது. அதே மாதிரி பள்ளிக்கூடம், அதே மாதிரி மீசை. அங்கே 1958ல் ராணுவத் தளபதி அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். ஜனநாயகத்தை அடியோடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, "அடிப்படை ஜனநாயகம்" என்று பெயர் வைத்து 80,000 பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவர்கள் மட்டும் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடலாம் என்றார். 80,000 பேரைக் கையில் வைத்துக்கொள்ள ஒரு கலெக்டரும் ஒரு பெரிய வீடும் போதும். இங்கே 1951–52ல் எழுதப் படிக்கத் தெரியுமா, நிலம் இருக்கிறதா என்று கேட்காமல் ஏறக்குறைய 17 கோடிப் பேருக்கு ஓட்டைக் கொடுத்துவிட்டார்கள். ஈட்டனில் படித்திருந்தாலும் வெயிலில் இறங்கிக் கும்பிட வேண்டும். கும்பிடத் தெரிந்தவர்கள் ஜெயித்தார்கள். 1954ல் ராஜாஜி போய், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட காமராஜர் வந்தார். 1967ல் அவர் கட்சியும் போயிற்று. வந்தவர்கள் அந்த வருஷமே எழுச்சி நாள் கொண்டாடி, சேலத்துக்கு உருக்காலை கொடு என்று டெல்லியிடம் கேட்டார்கள்.

உருக்காலைக்கு 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அடுத்த வருஷம் உருக்கு மந்திரியானவர் யார் தெரியுமா, மோகன் குமாரமங்கலம்! பெரிய வீடு திரும்ப வந்துவிட்டது, இந்தத் தடவை சோஷலிசத்தோடு. 1973ல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். ஆலை ஓட ஆரம்பித்தது 1981ல். கஞ்சமலை இரும்பை எடுத்து உருக்குவதாகத்தான் பேச்சு. 1830களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டை வரை கொண்டுபோய் உருக்கினார். எங்கள் ஆலையோ வெளியிலிருந்து வரும் எஃகை உருட்டித் தகடாக்கும் ஆலையாக வந்து நின்றது. கஞ்சமலை அப்படியே இருக்கிறது, அமாவாசைக்கு சித்தர் கோயிலுக்குப் போய் வருகிறோம். ஆனாலும் இதைக் குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனசு வராது. அந்தக் காலத்தில் அப்பா எழுதிய மனுவில் பாதி உருக்காலையில் வேலை கேட்டுத்தான். வேலை கிடைத்த வீடுகளில் பிள்ளைகள் இன்ஜினியர் ஆனார்கள். எங்கள் வீட்டுக்கு முதல் சைக்கிள் வந்ததும் அந்த மனுக்களால்.

இப்போதைய பெரிய கைகளுக்கு ஜமீன் கிடையாது. போர்வெல் போடும் ரிக் வண்டி, லாரி, கல்லூரி, கிரஷர், ரோடு கான்ட்ராக்ட். அவர்களுடைய அப்பாக்களில் சிலருக்கு என் அப்பா மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயரைச் சொன்னால் நாளைக்கு ஸ்டூல் போட முடியாது.

2018ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர், 10,000 கோடி. அன்றைய முதலமைச்சர் எங்கள் ஜில்லாக்காரர், விவசாயக் குடும்பம். பெரிய வீடு இல்லை, ஈட்டன் இல்லை. நாமே நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. அப்போதும் ரீட் துரை காலத்தைப் போல அளவைக் கல் வயலுக்குள் வந்தது. அந்த மாதங்களில் எங்கள் ஸ்டூல்களைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம். பூலாவரிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். நான் வழக்கம்போல எழுதிவிட்டு வாசித்துக் காட்டினேன். "கருணை கூர்ந்து" வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"அத எடுத்துருங்க. கருணையெல்லாம் வேணாங்க. சட்டத்துல இருபத்தோரு நாள் குடுத்திருக்குதாம், ஆட்சேபணை சொல்ல. ஆட்சேபணைன்னு போடுங்க."

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவருக்கு யாரோ வக்கீல் சொல்லியிருக்கிறார். எனக்கு எம்.ஏ. இருந்தும் தெரியவில்லை. அன்று முப்பது, முப்பத்தைந்து ஆட்சேபணை எழுதியிருப்பேன். தாழ்மை இல்லாமல் மனு எழுதிக் கை பழகவில்லை, கடைசி வரி வரும்போதெல்லாம் பேனா தடுக்கியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எடுக்கலாம் என்றது. சாலை இன்னும் போடவில்லை.

இவ்வளவும் எழுத உட்கார்ந்தது போன திங்கட்கிழமை நடந்த ஒன்றால்.

ஏற்காட்டுக்குப் பின்னால் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியம்மா வருவார். மூன்றாவது தடவை. மலையாளி இனம். கேரளா இல்லை, எங்கள் மலைக்காரர்கள். சேலம் ஜில்லாவில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் உண்டு, ஈரோட்டு மலையில் இருக்கிற அதே மலையாளிகளுக்கு அது இல்லை. ஜில்லா எல்லைக்கல் எங்கே விழுந்ததோ அதைப் பொறுத்து சாதி.

ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். மருமகளைப் பிரசவத்துக்குக் கம்பில் தூளி கட்டித் தூக்கி வந்தார்களாம். ரோடு கேட்டு முதல் மனு கொடுத்தோம். உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில். இரண்டாவது மனுவுக்கு, வனப்பகுதி என்பதால் வழிவகை இல்லை என்று அந்தத் துறையிலிருந்து பதில். இந்தத் தடவை நான் வீட்டிலேயே படித்து வைத்திருந்தேன். 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கு உள்ளாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், ரோட்டுக்கு வன நிலம் கொடுக்கலாம். வழிவகை இருக்கிறது. கிராம சபைத் தீர்மான நகலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்திருந்தார், பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து, அதற்குள் கொஞ்சம் மிளகும் சிந்திக் கிடந்தது.

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். சட்டப் பிரிவு வரும்போது தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "ஒண்ணு விட்டுட்டே கண்ணு" என்றார்.

"என்னங்க பெரியம்மா?"

"ஓட்டுக் கேக்க ஜீப்புல வந்தாங்கல்ல. எங்க வாசல் வரைக்கும் வந்துச்சு. மரத்தக் கிரத்த ஒண்ணும் வெட்டல. அது வந்த வழியத்தான் கேக்கறோம்னு எழுது."

எனக்கு ஒரு நிமிஷம் பேனா ஓடவில்லை. ஏற்காடு தனித் தொகுதி. 2013 இடைத்தேர்தலில் அமைச்சர்கள் மலையிலேயே முகாம் போட்டார்கள், அந்த மாசம் ஒழுங்காகப் போட்ட சில ரோடுகள் இன்னும் இருக்கின்றன என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அடுத்த இடைத்தேர்தல் எப்போது என்று கேட்பார்கள், கிண்டலா உண்மையா என்று தெரியாது. பெரியம்மா கிண்டல் செய்யவில்லை. ஜீப் எந்தப் பாறையைச் சுற்றி வந்தது, எங்கே பின்னால் தள்ளினார்கள் என்று கையாலேயே வரைந்து காட்டினார். காட்டாற்றில் கல் அடுக்கி ஏற்றினார்களாம், ஊர் ஆட்கள்தான் அடுக்கிக் கொடுத்தார்கள்.

இதை மனுத் தமிழில் எப்படி எழுதுவது? "தேர்தல் சமயத்தில் வாகனம் வந்து சென்ற தடத்தையே" என்று ஆரம்பித்துவிட்டு அடித்தேன். புதுத் தாள் எடுத்து அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே போட்டேன். அந்த உற்சாகத்தில், பூலாவரிக்காரர் ஞாபகத்தில், கடைசி வரியில் கருணையையும் தாழ்மையையும் எடுத்துவிட்டு வாசித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பெரியம்மா முகம் மாறியது. "தாழ்மையுடன்னு போடலியா?"

"எதுக்குங்க? நம்ம உரிமைதானே கேக்கறோம். சட்டத்துலயே இருக்குது."

"இருக்கட்டும் கண்ணு. அதும் கெடக்கட்டும். போன ரெண்டு தடவயும் போட்டமே, இப்ப எடுத்தா என்னமோ ஏதோன்னு நெனச்சுக்குவாங்க. நடந்து போறது நீயா?"

போட்டேன். தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு மேல் வரியில் ஜீப். பெயர் எழுத வேண்டிய இடத்தில் கைநாட்டு வேண்டாம், கையெழுத்து போடுகிறேன் என்றார். அட்டையை மடியில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்து எழுதினார். பின்னால் ஆறு பேர் நின்றார்கள், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பதினொரு மணிக்கு மேல் டோக்கன் வரிசை நீண்டுவிடும். ஐம்பது ரூபாயை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கேட்டில் கான்ஸ்டபிள் அவர் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினார்.